வயதேறிய வெள்ளை ஒயின்: ஒயினரியே காத்து வைத்து விற்கும் பாட்டில்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் ஹண்டர் பள்ளத்தாக்கு வந்துவிடும். அங்கே செய்யும் செமியோன் என்ற வெள்ளை ஒயினைச் சில ஒயினரிகள் ஐந்தாறு வருடம் தங்கள் கிடங்கிலேயே வைத்திருந்து, அதன் பிறகுதான் விற்பனைக்கு எடுக்கின்றன. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்களுக்கு நான் ஊற்றுவது பெரும்பாலும் அதுதான். கிளாஸில் பொன்நிறத்தைப் பார்த்ததும் “இது பழசாகிவிட்டதோ?” என்று தயங்குவார்கள். ஒரு வாய் குடித்ததும் கேள்விகள் தொடங்கும். இத்தனை வருடங்களில் என்னிடம் வந்த அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வெள்ளை ஒயினை வாங்கிய வருடமே குடித்துவிட வேண்டும் என்கிறார்களே?

பெரும்பாலான வெள்ளை ஒயினுக்கு அது சரியான அறிவுரை. சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் சாவிஞோன் பிளாங்க், பினோ கிரிஜியோ போன்றவை பழவாசனையின் புதுமைக்காகவே செய்யப்படுபவை. மூன்று வருடம் கழித்துத் திறந்தால் அந்தப் புதுமை போயிருக்கும், அதன் இடத்தில் வேறெதுவும் வந்திருக்காது. ஆனால் புளிப்பு வலுவாக உள்ள சில வகைகளும், பொறுமையாகச் செய்யப்படும் சில ஒயின்களும் வேறு மாதிரி. ஹண்டர் செமியோன், ரீஸ்லிங், பிரான்ஸின் லுவார் பகுதியின் ஷெனின், ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் பழைய முறையில் செய்யும் வெள்ளை ஆகியவை இளமையில் ஒன்றாகவும் பத்து வயதில் முற்றிலும் வேறொன்றாகவும் இருக்கும். இந்தப் பக்கம் அவற்றைப் பற்றியது மட்டுமே.

தாமதமாக வெளியிடுவது என்றால் என்ன?

வழக்கமான வெள்ளை ஒயின் அறுவடை முடிந்த சில மாதங்களில் கடைக்கு வந்துவிடும். தாமத வெளியீட்டில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, அந்த ஒயின் எப்போதுமே காத்திருந்துதான் வெளியே வரும். இளம் பாட்டில் என்று ஒன்று கடையில் இருக்காது. டைரல்ஸ் ஒயினரியின் ‘வாட் 1’ செமியோன் இந்த வகை. அறுவடை முடிந்து ஏறக்குறைய ஐந்து வருடம் கழித்தே பொதுவாக விற்பனைக்கு வரும். இன்னொன்று, புதிதாக விற்றபோதே ஒரு பங்கை ஒதுக்கி வைத்து, வருடங்கள் கழித்து ‘மியூசியம் ரிலீஸ்’ அல்லது ‘செல்லர் ரிலீஸ்’ என்று மறுபடி விற்பது. இரண்டாவது வகையில் விலை கூடுதலாக இருக்கும். ஆனால் முதலில் வெளிவந்தபோது தவறவிட்ட நல்ல வருடத்தைப் பிடிக்க அது ஒரு வாய்ப்பு.

பழகி முதிர்ந்த மதுவுக்கு ‘நாட்படு தேறல்’ என்ற அழகான பெயர் நம் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. நான் இந்த ஒயின்களை மனதுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏன் ஹண்டர் செமியோனை இவ்வளவு தூக்கிப் பேசுகிறீர்கள்?

உலகத்தில் வேறெங்கும் இதைப்போல் ஒன்று இல்லை என்பதால். செமியோன் பிரான்ஸின் போர்தோவிலிருந்து வந்த திராட்சை. அங்கே அதைச் சாவிஞோன் பிளாங்குடன் கலந்து, பீப்பாயில் வைத்துச் செய்வார்கள். சோத்தேர்ன் என்ற இனிப்பு ஒயினுக்கும் அதுதான் முதுகெலும்பு. ஹண்டரில் கதை வேறு. அங்கே கோடை வெப்பமானது, ஈரமானது. அறுவடை நேரத்தில் மழை வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும் பயமும் உண்டு. ஆகவே ஜனவரி, பிப்ரவரியிலேயே, சர்க்கரை முழுதாக ஏறுவதற்கு முன், பழத்தைப் பறித்துவிடுகிறார்கள். அதனால் ஆல்கஹால் 10 அல்லது 11 சதவீதம்தான். புளிப்பு மட்டும் கூர்மையாக நிற்கும். ஓக் பீப்பாயின் வாசமே படாமல் தொட்டியில் நொதிக்க வைத்து, சில மாதங்களில் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள்.

அப்போது குடித்தால் எலுமிச்சையும் பச்சைப் புல்லும் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கும். முதல்முறை குடிக்கிறவர் “இதற்கா இவ்வளவு பேச்சு?” என்றுதான் கேட்பார். அதே பாட்டில் ஆறேழு வருடத்தில் நிறம் மாறத் தொடங்கும். வெளிர் பச்சை போய்ப் பொன்நிறம் வரும். வாசனையில் வறுத்த ரொட்டி, தேன், தேன்மெழுகு, எலுமிச்சைத் தோல் எல்லாம் வரும். பத்துப் பதினைந்து வருடத்தில் பீப்பாயில் வைத்த ஒயினோ என்று ஏமாந்துபோகும் அளவுக்குச் செறிவு சேரும். ஆல்கஹால் மட்டும் அதே 11 சதவீதம். எடையே இல்லாத ஒயினில் இவ்வளவு சுவை எங்கிருந்து வந்தது என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

வரலாறும் உண்டு. டைரல்ஸ் குடும்பம் 1858-இல் அங்கே தொடங்கியது. வாட் 1 செமியோன் 1963-இல் பிறந்தது. அதன் பழம் முக்கியமாக வருவது 1923-இல் நட்ட ‘ஷார்ட் பிளாட்’ தோட்டத்திலிருந்து. பழைய ஓடைப் படுகையின் மணல் கலந்த மண் அது. செமியோனுக்கு அந்த இலேசான மண்தான் பிடிக்கும். மவுண்ட் ப்ளசன்ட் ஒயினரியின் மாரிஸ் ஓஷே 1946-இல் ‘லவ்டேல்’ தோட்டத்தை நட்டார். அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே வரும் செமியோனும் காத்திருந்து வெளிவருவதற்குப் பேர்போனது. ஒரு காலத்தில் இதே ஒயினை ‘ஹண்டர் ரிவர் ரீஸ்லிங்’ என்ற பெயரிலும் விற்றார்கள். பழைய பாட்டிலில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், உள்ளே இருப்பது செமியோன்தான்.

ஓக் பீப்பாயே படவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் வறுத்த ரொட்டி வாசனை எங்கிருந்து வருகிறது?

பாட்டிலுக்குள்ளேயே உருவாகிறது. திராட்சையில் மணம் தரும் பொருட்களில் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்திருக்கும்; அந்த நிலையில் அவற்றுக்கு வாசனை இல்லை. ஒயினின் புளிப்பு வருடக்கணக்கில் மெதுவாக அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. இன்னொரு பக்கம், இளம் ஒயினின் பழவாசனையைத் தந்த எஸ்டர்கள் சிதைந்து குறைகின்றன. ஒன்று இறங்க இன்னொன்று ஏறுகிறது. இடையில் சில வருடங்கள் இரண்டுமே மங்கலாக, ஒயின் வாய்மூடிக் கிடக்கும் காலம் ஒன்றும் உண்டு. ஒயினரியே வைத்திருந்து விற்பதன் பெரிய லாபம் இதுதான்: அந்த ஊமைப் பருவத்தை நமக்குப் பதில் அவர்கள் கடந்துவிடுகிறார்கள்.

வயதான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை வரும். அது டிடிஎன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு பொருளால் வருவது. திராட்சைத் தோலில் உள்ள கரோட்டினாய்டுகள்தான் அதற்கு மூலம். வெயில் அதிகம் பட்ட பழத்தில் கூடுதலாக இருக்கும். சிலருக்கு உயிர், சிலருக்கு ஆகாது. எனக்குக் கொஞ்சமாக இருந்தால் பிடிக்கும்.

நம் சமையலறைக்கு நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. சோட்டலோன் என்பது வெந்தயத்துக்கு வாசனை தரும் பொருள். காற்றோடு பழகி முதிர்ந்த வெள்ளை ஒயின்களிலும் அதே பொருள் உருவாகிறது. பிரான்ஸின் ஜூரா பகுதியில் ‘வான் ஜோன்’ என்று ஒன்று செய்கிறார்கள். அறுவடைக்குப் பிறகு ஆறு வருடத்துக்கு மேல், மேலே ஈஸ்ட் ஆடை படர, பீப்பாயிலேயே வைத்திருந்து 62 சென்டிலிட்டர் பாட்டிலில் அடைப்பார்கள். அதை மோந்து பார்த்த என் சித்தி, “வெந்தயத்தை வறுத்த சட்டி மாதிரி இருக்கு” என்றார். ஒயினே குடிக்காத அவர் அதைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

ஸ்பெயினின் வயதான வெள்ளை ஒயின் என்று எல்லோரும் சொல்வது எது?

ரியோஹாவின் ஆரோ நகரில், 1877-இல் தொடங்கிய லோபஸ் தே எரேடியா என்ற குடும்ப ஒயினரி. அவர்களுடைய ‘வின்யா தொந்தோனியா’ வெள்ளை ரிசர்வா (நெடுநாள் முதிர்த்த ஒயினுக்கு அங்கே தரும் பெயர்; அதற்கும் மேல்படி கிரான் ரிசர்வா) ஆறு வருடம் பீப்பாயில் கிடக்கும். பிறகு பாட்டிலிலும் சில வருடம். கடைக்கு வரும்போது அதற்குப் பத்து வயது தாண்டியிருக்கும். நல்ல வருடங்களில் மட்டும் செய்யும் கிரான் ரிசர்வா இருபது வயதை ஒட்டி வெளியே வந்ததும் உண்டு. ரியோஹா விதிப்படி வெள்ளை கிரான் ரிசர்வாவுக்கு நான்கு வருடம் போதும், அதில் ஆறு மாதம் பீப்பாயில் இருந்தாலே போதும். இவர்கள் யாரும் கேட்காமலேயே அதைப் போல் பல மடங்கு காத்திருக்கிறார்கள்.

தோட்டம் எப்ரோ ஆற்றின் வளைவில், நூறு ஹெக்டேருக்கு மேல் பரந்தது. பழம் வியூராவும் கொஞ்சம் மல்வசியாவும். பீப்பாய்களை அமெரிக்க ஓக் மரத்தில் தங்கள் சொந்தப் பட்டறையிலேயே செய்கிறார்கள். பெரும்பாலும் பழைய பீப்பாய்கள் என்பதால் மரவாசனை ஒயினை மூடாது. மரம் மெதுவாக மூச்சுவிட, ஒயின் துளித்துளியாகக் காற்றோடு பழகுகிறது. கிடங்கில் சிலந்தி வலைகளைக் கலைப்பதில்லை, ஏனென்றால் கார்க்கைத் துளைக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்திகள் தின்றுவிடும்.

சுவை எப்படி என்றால்: முந்திரி, உலர்ந்த ஆரஞ்சுத்தோல், மெழுகு, கொஞ்சம் உப்பு, அந்த வெந்தயத்தின் நிழல். இனிப்பு துளியும் இல்லை. முதல் வாயில் பலருக்குப் பிடிக்காது. பழவாசனையைத் தேடி வருகிறவருக்கு இது விடுகதை. அரை மணி நேரம் கிளாஸில் வைத்திருந்து மறுபடி குடித்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். இதே ஒயினரியின் ‘கிரவோனியா’ வெள்ளை நான்கு வருடம் பீப்பாயில் இருந்து வருவது, விலையும் குறைவு. அதிலிருந்து தொடங்குவது எளிது.

காத்திருப்பின் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்திலேயே மார்க்கேஸ் தே முரியேதா இருக்கிறது. அவர்களுடைய ‘காஸ்தியோ இகாய்’ வெள்ளை 1986, பீப்பாயில் 21 வருடமும் அதன்பின் சிமென்ட் தொட்டியில் ஐந்து வருடத்துக்கு மேலும் இருந்து, 2016-இல்தான் வெளியானது.

வேறு யாரெல்லாம் இப்படிச் செய்கிறார்கள்?

இத்தாலியின் வடக்கு மலைப்பகுதியான ஆல்டோ அடிஜேயில் டெர்லானோ கூட்டுறவு ஒயினரி. 1893-இல் தொடங்கியது. 1955-இல் அங்கே பொறுப்பேற்ற செபாஸ்டியன் ஸ்டாக்கர் என்ற ஒயின் செய்பவர், பினோ பியாங்கோ போன்ற எளிய வெள்ளையை ஈஸ்ட் வண்டலின் மேலேயே பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்கும் முறையை உருவாக்கினார். முதலில் ஒரு வருடம் மரத் தொட்டி, பிறகு சிறு எஃகு தொட்டி. ரியோஹாவுக்கு நேர் எதிர் வழி இது. காற்றைப் பழக்குவதற்குப் பதில் காற்றே படாமல் காக்கிறார்கள். அதனால் பத்துப் பன்னிரண்டு வயதில் வெளிவரும் ‘ரேரிட்டி’ பாட்டில்கள் ஆச்சரியமான இளமையோடு இருக்கும்.

பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் ட்ரிம்பாக் குடும்பம் ‘க்லோ சான்த் ஊன்’ ரீஸ்லிங்கைப் பல வருடம் கிடங்கில் வைத்த பிறகே விற்கிறது. தோட்டமே 1.67 ஹெக்டேர்தான், ஆகவே விலையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. லெபனானில் ஷதோ முசார், அந்த மண்ணுக்கே உரிய ஒபைதே, மெர்வா பழங்களில் செய்யும் வெள்ளையை ஆறேழு வருடம் கழித்து வெளியிடுகிறது. ஆஸ்திரேலியாவில் ஈடன் பள்ளத்தாக்கின் பியூசி வேல் ‘தி கான்டூர்ஸ்’ ரீஸ்லிங், விக்டோரியாவின் தாபில்க் ‘1927 வைன்ஸ்’ மார்சான் இரண்டும் வயதோடுதான் வரும். பின்னதன் கொடிகள் பெயரில் உள்ளபடியே 1927-இல் நட்டவை.

நானே இளம் பாட்டில் வாங்கி வீட்டில் பத்து வருடம் வைத்தால் ஆகாதா? மலிவாக முடியுமே?

இடம் இருந்தால் செய்யலாம். 12 முதல் 14 டிகிரி, வருடம் முழுவதும் ஏறாமல் இறங்காமல், வெளிச்சம் படாமல். சிட்னியில் என் வீட்டு அலமாரி கோடையில் 30 டிகிரியைத் தொடும், சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த வெப்பத்தில் ஒயின் பழுக்காது, வெந்துபோகும். ஒருமுறை இங்கே ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் எட்டு வயது செமியோனைப் பார்த்து ஆசையோடு வாங்கினேன். திறந்தால் வெல்லப்பாகு வாசனை, அடியில் ஒரு கசப்பு. மாலை வெயில் நேராக விழும் அலமாரி அது என்று பிறகுதான் கவனித்தேன்.

அதனால்தான் ஒயினரியிலிருந்தே வாங்கச் சொல்கிறேன். பாட்டில் பிறந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்தக் குளிர்ந்த கிடங்குக்கான வாடகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருட விளைச்சலை விற்காமல் அடுக்கி வைத்திருக்கும் ஒயினரிக்கு அத்தனை பணமும் முடங்கிக் கிடக்கிறது. அப்படியும் இதை விடாமல் செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நேரில் போக முடிந்தால் ஹண்டரில் உள்ள போக்கல்பின் பக்கம் போய் ஒயினரியிலேயே சுவைத்துப் பாருங்கள். காரோட்டுகிறவர் சுவைத்துவிட்டுத் துப்பிவிட வேண்டும், அதற்கென்றே அங்கே வாளி வைத்திருப்பார்கள்.

வயதானதற்கும் கெட்டுப்போனதற்கும் என்ன வித்தியாசம்?

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பொன்நிறமாக, மினுமினுப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாக, மங்கலாக இருந்தால் சந்தேகப்படலாம். மூக்கில் தேனும் ரொட்டியும் வந்து, நாக்கில் புளிப்பு உயிரோடு இருந்தால் அது வயது. வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாசனை மட்டும் வந்து, வாயில் எதுவும் நிற்காமல் தட்டையாக முடிந்தால் அது கேடு. தொந்தோனியா, வான் ஜோன் இரண்டிலும் கொட்டை, ஆப்பிள் வாசனை இயல்பானதுதான். அங்கேயும் புளிப்பு நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஈரமான அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க்கின் கோளாறு, பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கலாம்.

பிரான்ஸின் பர்கண்டி பகுதி வெள்ளைகளில் 1990-களின் நடுவிலிருந்து ஒரு பெரிய ஏமாற்றம் நடந்தது. இருபது வருடம் நிற்க வேண்டிய ஒயின்கள் ஏழெட்டு வருடத்திலேயே பழுத்துப் பழுப்பாகின. கார்க், கந்தகத்தின் அளவு, பழம் பிழியும் முறை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. ஆஸ்திரேலிய வெள்ளைகள் பெரும்பாலும் திருகு மூடிக்கு மாறியதற்குக் கார்க்கினால் வந்த ஏமாற்றங்களும் காரணம். கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் ஒயினரிகள் பல 2000 அறுவடையில் ஒன்றுசேர்ந்து மாறின, ஹண்டரும் பின்தொடர்ந்தது. திருகு மூடி என்றால் மலிவு என்ற எண்ணத்தை இந்த விஷயத்தில் விட்டுவிடுங்கள். பத்துப் பாட்டில் திறந்தால் பத்தும் ஒரே மாதிரி இருக்கும்.

எவ்வளவு குளிரில் குடிக்க வேண்டும்?

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடித்தால் பாதி வாசனை உறைந்து கிடக்கும். செமியோன், ரீஸ்லிங் என்றால் 10 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்தால் சரியாக வரும். தொந்தோனியா, முசார் போன்றவை இன்னும் கூடுதல் வெப்பத்தில்தான் பேசும். 15 டிகிரி வரை விடலாம். கிளாஸ் சிறியதாக, குறுகலாக இருக்க வேண்டாம், சிவப்பு ஒயின் கிளாஸே நல்லது. மெதுவாகக் குடியுங்கள், ஒரே கிளாஸ் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை மாறுவதைப் பார்ப்பதுதான் இதில் உள்ள சுகம்.

அடியில் கண்ணாடித் தூள் மாதிரி இருக்கிறதே?

டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்கள். தீங்கில்லை. கடைசி அரை அங்குலத்தை ஊற்றாமல் விட்டால் போதும்.

நம் சாப்பாட்டோடு போகுமா?

சிலவற்றோடு மிக நன்றாக. புளிக்குழம்பு, காரம் தூக்கலான வறுவல் இவற்றோடு வேண்டாம். புளி ஒயினின் புளிப்பை விழுங்கிவிடும், மிளகாய் நுணுக்கத்தையெல்லாம் எரித்துவிடும். தேங்காய்ப்பால் சேர்ந்தால் நிலைமை மாறும். யாழ்ப்பாணத்து மீன் சொதியில் வெந்தயம் விழும். அதோடு தொந்தோனியா வெள்ளையை வைத்துக் குடித்த அன்று எங்கள் மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தச் சோட்டலோன் இரண்டு பக்கமும் இருப்பதால்தான் அப்படிப் பொருந்துகிறது என்பது என் கணிப்பு. வயதான செமியோனுக்கு வெண்ணெயில் புரட்டிய நண்டு, மிளகு மட்டும் போட்ட கணவாய், வறுத்த கோழி. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும்கூட, சர்க்கரை சேர்க்காமல்.

ஒரே ஒரு பாட்டில் வாங்கிப் பார்க்க வேண்டுமென்றால்?

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் டைரல்ஸ் தனித்தோட்டச் செமியோன்களில் ஒன்றை, ‘ஸ்டீவன்ஸ்’ அல்லது 1908-இல் நட்ட ‘எச்விடி’ தோட்டத்தினுடையதை வாங்கலாம். அவையும் ஐந்து வயதை ஒட்டித்தான் வரும், வாட் 1-ஐ விட விலை இறக்கம். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குக் கிரவோனியா. செமியோன் வாங்குகிறவர்கள் முடிந்தால் டைரல்ஸின் இளம் செமியோன் ஒன்றையும் சேர்த்து வாங்கி, ஒரே மாலையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றுங்கள். நான் எழுதிய எல்லாவற்றையும்விட அந்த இரண்டு கிளாஸ் தெளிவாகச் சொல்லும்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

செமியோன், ரீஸ்லிங் மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். தொந்தோனியா ஒரு வாரம் வரை குறையாமல் இருக்கும். பல வருடம் காற்றோடு பழகியதுதானே. வான் ஜோன் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும். வயது இருபதைத் தாண்டிய மெல்லிய பாட்டில் என்றால் மட்டும் அன்றைக்கே முடித்துவிடுங்கள், அதற்குத் தகுந்தபடி ஆட்களைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.